ஓட்டையில்லாத இலை

மே 30

அன்புள்ள தம்பி,

நீ போட்ட கார்டு கிடைத்தது. "மாடியில் செடிகள் அனைத்தும் நலம். சில இலைகளின் மேல் லேசான வெள்ளைப் பொடி காணப்படுகிறது" என்று இரண்டே வரி. ஆபீஸில் கண்காணிப்பாளர் ஆனதிலிருந்து உனக்கு அதுவே நீளம்தான். ஆனால் எந்தச் செடி, இலையின் மேல்பக்கமா அடிப்பக்கமா, விரலால் தேய்த்தால் போகிறதா, ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நின்றவளிடம் வந்து "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் நான் எந்தப் பாட்டிலை எடுப்பது?

வெள்ளைப் பொடி என்றால் பூஞ்சை. ரோஜாவுக்கும் பூசணிக்கொடிக்கும்தான் முதலில் வரும். காய்ச்சாத பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. கலந்து காலை வெயிலில், இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி தெளி. சாயங்காலம் தெளிக்காதே. ராத்திரி முழுக்க ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு நாமே பால் ஊற்றி வளர்த்த மாதிரி ஆகும். ரொம்ப மோசமான இலைகளைக் கிள்ளி, தொட்டியிலேயே போடாமல் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடு. தண்டில் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடை. கொழுந்தில் பேன் மாதிரி பச்சையாகக் கூட்டம் போட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

தலைமை நர்ஸைத் தனியாகக் கவனி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெரிய மண்தொட்டியில் இருக்கும் ரோஜாவைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற அன்று வார்டுக்காரர்கள் கொடுத்தது. கிட்டே போனவர்களை எல்லாம் குத்தும், வேளாவேளைக்கு எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதனால் அந்தப் பெயர்.

போனில் கேட்டால் என்ன என்பாய். என் காதில் இருக்கும் மிஷின் போனைக் கண்டால் விசில் அடிக்கிறது. நீ பேசுவது கேட்காது, விசில் மட்டும் நன்றாகக் கேட்கும்.

என் மகள், உன் அருமை மருமகள், வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். குழந்தைக்கு மூன்று மாதம். "இன்னும் ரெண்டே வாரம் இரும்மா, ஆள் கிடைச்சதும் நீ போயிடலாம்" என்கிறாள். ஏப்ரலிலும் இதே இரண்டு வாரம்தான் சொன்னாள். என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் இங்கே ஒரு டம்ளரை எடுத்தால் அதை எங்கே திருப்பி வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கென்று இருப்பது அந்த வீடும் மாடியும்தான். ஜூலை முடிவில் வந்துவிடுவேன். அதுவரை இருபத்து மூன்று தொட்டிகளும் உன் பொறுப்பு.

அக்கா


ஜூன் 8

அனுப்புநர்: தம்பி
பெறுநர்: அக்கா

பொருள்: மாடித் தோட்டம் – வெள்ளைப் பொடி – நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது – தொடர்பாக.
பார்வை: தங்களது 30.5 தேதியிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதத்தில் கோரப்பட்ட விவரங்கள் வருமாறு. செடி: ரோஜா மற்றும் பூசணி. பக்கம்: மேல்பக்கம். தேய்த்தால்: போகிறது.

தாங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பால் கலந்து இரண்டு முறை காலை வெயிலில் தெளிக்கப்பட்டது. முதல் முறை தெளித்தபோது பூனை ஒன்று வந்து பூசணி இலையை நக்கியது. அது விரட்டப்பட்டது. இரண்டாம் முறை வேறொரு பூனையையும் அழைத்து வந்தது. இரண்டும் விரட்டப்பட்டன.

பூச்சு கணிசமாகக் குறைந்துள்ளது. தாங்கள் அவசரப்பட்டுத் திரும்ப வேண்டிய சூழ்நிலை ஏதும் எழவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சாவி பத்திரமாக உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பி,

பூனை வந்த இடத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். "என்னம்மா?" என்று உன் மருமகள் எட்டிப் பார்த்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்கு என்னைவிட சந்தோஷம். "பாத்தியா, மாமா எவ்வளவு நல்லா பாத்துக்கறாரு. நீ எதுக்கு இப்ப அடிச்சுப் புடிச்சு ஓடணும்?" என்றாள்.

உன்னை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பத்து வயதில் அவரை விதையை முளைக்க வைத்துவிட்டு, முளைத்ததா என்று பார்க்க மூன்று தரம் தோண்டி எடுத்தவன் நீ. உன்னிடம் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தோமே என்று பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கிவிடலாமா என்று பார்த்தேன்.

பால் தெளித்தது போதும். பாக்கி இருப்பதற்குச் சோடாத் தண்ணீர் கொடு. முதலில் வாளிக் கணக்கில்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் இருப்பது ஒரு லிட்டர் ஸ்பிரே பாட்டில் என்பது பிறகு நினைவு வந்தது. ஆகவே ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமையல் சோடா பத்து டீஸ்பூன், பாத்திரம் துலக்கும் சோப்பு நாலு சொட்டு. குத்துமதிப்பாகப் போடாதே. டீஸ்பூனை மட்டமாக வழித்துப் போடு. மருந்து என்பதே அளவுதான். அளவு தவறினால் அதற்கு வேறு பெயர்.

பூச்சி வராமலிருக்க நாலு பல் பூண்டை நசுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டித் தெளி. வடிகட்டாமல் ஊற்றினால் ஸ்பிரே பாட்டிலின் வாய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஊசியால் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

குழந்தை எழுந்துவிட்டது. காது கேட்காதவளுக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? தொட்டில் கயிறு ஆடுகிறது.

அக்கா


ஜூன் 23

தம்பி,

முதலில் ஸ்பிரே பாட்டிலைக் கீழே வை. பிறகு படி.

நான் அளவைத் தப்பாக எழுதிவிட்டேன். எழுதும் கடிதத்துக்கெல்லாம் நோட்டில் நகல் வைப்பது என் மருந்து ஜன்னல் பழக்கம். இன்று அதைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பத்து டீஸ்பூன் என்பது பத்து லிட்டர் வாளிக்கு. வாளியை லிட்டராக மாற்றிய நான் ஸ்பூனை மாற்றவில்லை. ஒரு லிட்டருக்கு ஒரே ஒரு டீஸ்பூன்தான்.

நாற்பது வருஷத்தில் ஒருவருக்கும் நான் அளவு மாற்றிக் கொடுத்ததில்லை. ஒரு சீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டர் சாப்பாட்டுக்குப் போயிருந்தாலும் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறேன். இப்போது ஒரு குழந்தை அழுத நேரத்தில் இப்படிச் செய்துவிட்டேன்.

ஏற்கெனவே தெளித்திருந்தால் இது நடந்திருக்கும்: இரண்டாம் நாள் இலை ஓரங்கள் நெருப்புப் பட்ட காகிதம் மாதிரி பழுப்பாகும். மூன்றாம் நாள் சுருளும். பிறகு உதிரும். உடனே நல்ல தண்ணீரால் எல்லாச் செடியையும் கழுவு. கருகினதை வெட்டு. தலைமை நர்ஸ் முழுக்கக் கருகிவிட்டாலும் பிடுங்காதே, வேர் இருக்கும். குற்றம் உன்னுடையது இல்லை. உள்ளதை உள்ளபடி எழுது, நான் தாங்கிக்கொள்வேன். தேவைப்பட்டால் அடுத்த ரயிலில் வருகிறேன்.

அக்கா


ஜூன் 24

பொருள்: மாடித் தோட்டம் – சோடாத் தண்ணீர் – தெளித்து முடிக்கப்பட்டது – தொடர்பாக.
பார்வை: தங்களது 15.6 தேதியிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட அறிவுரையின்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமையல் சோடா பத்து டீஸ்பூன், கத்தி முதுகால் மட்டமாக வழித்து, சோப்பு நான்கு சொட்டுகளுடன் கலந்து, 20ஆம் தேதி மாலை கடிதம் கிடைத்து மறுநாள் காலையிலேயே எல்லாச் செடிகளுக்கும் தெளிக்கப்பட்டது. மூன்று நாள் கண்காணிப்பின் முடிவு: இலைகள் கிளிப்பச்சை நிறத்தில் பளபளக்கின்றன. பூச்சு அறவே இல்லை. தலைமை நர்ஸில் மொட்டுகள் ஏழு.

எதிர்வீட்டுக்காரர் மருந்தின் பெயரைக் கேட்டார். "அக்காவின் சொந்தத் தயாரிப்பு" என்று தெரிவிக்கப்பட்டது. தனக்கும் ஒரு பாட்டில் வேண்டுமென அவர் வாய்மொழியாகக் கோரியுள்ளார்.

பூண்டுத் தண்ணீர் வடிகட்டப்பட்டது.

தங்கள் உண்மையுள்ள,
தம்பி


ஜூன் 30

பொருள்: சோடா அளவு – திருத்தம் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: 1. தங்களது 23.6 தேதியிட்ட அவசரக் கடிதம். 2. எனது 24.6 தேதியிட்ட அறிக்கை.

பார்வை ஒன்றும் பார்வை இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றுள்ளன.

தங்கள் கடிதத்தில் கண்ட பத்து டீஸ்பூன் என்ற அளவு மிகையானது என்பது அப்போதே எனக்குத் தோன்றியது. எனவே நடைமுறையில் ஒரு டீஸ்பூன் மட்டுமே பயன்படுத்தப்பட்டது. அறிக்கையில் பத்து என்று குறிப்பிட்டது, மூத்தவரான தங்கள் எழுத்தைத் திருத்தித் தங்கள் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்பதற்காக மட்டுமே.

ஆகவே செடிகளுக்குப் பாதிப்பில்லை. தாங்கள் ரயில் ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
தம்பி


ஜூலை 6

அன்புள்ள தம்பி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்தபோது, என் விஷத்தைக் குடித்துவிட்டுச் செடிகள் ஏழு மொட்டு விட்டிருந்தன. இரண்டாவதில் அவை விஷமே குடிக்கவில்லை. ஆக, கடிதத்தில் பத்து ஸ்பூன், பாட்டிலில் ஒரு ஸ்பூன். ஆனால் கத்தி முதுகால் வழித்தது மட்டும் இரண்டுக்கும் பொது.

உன்னிடம் ஒரு விஷயம் சொன்னதில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சில சீட்டுகளின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் மருந்து கிடையாது. சர்க்கரைத் தண்ணீரில் சிவப்புக் கலர் கலந்து, "வேளைக்கு ஒரு மூடி" என்று நான் கொடுக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும், நோய் இருந்து மருந்து இல்லாதவர்களுக்கும் அதே சிவப்புத் தண்ணீர்தான். தச்சர் ஒருவர் எட்டு மாதம் அதைக் குடித்தார். ஒருநாள் காலி பாட்டிலை ஜன்னலில் வைத்து, "அம்மா, இது ரொம்ப இனிக்குது. மருந்து இல்லதானே?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "மருந்துதான்" என்றேன். அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

உன் கடிதங்கள் எனக்குக் கொஞ்சம் இனிக்கின்றன.

எனக்கு ஒன்று மட்டும் செய். தலைமை நர்ஸிலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்து, கவரில் போட்டு அனுப்பு. பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். எத்தனையோ எழுதியிருக்கிறாய். ஒரு இலை பெரிய காரியம் இல்லை.

அக்கா


ஜூலை 13

பொருள்: ரோஜா இலை – மாதிரி அனுப்புதல் – தொடர்பாக.
பார்வை: தங்களது 6.7 தேதியிட்ட கடிதம்.

கோரப்பட்ட இலை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆரோக்கியமான நிலையில் உள்ளதைத் தாங்களே காணலாம்.

ஆபீஸில் ஆய்வு நடைபெறுவதால் கடிதம் சுருக்கமாக அமைந்தமைக்கு வருந்துகிறேன்.

இணைப்பு: இலை ஒன்று.

தங்கள் உண்மையுள்ள,
தம்பி


ஜூலை 19

தம்பி,

இலை வந்தது. அழகான இலை. இவ்வளவு அழகான ரோஜா இலையை நான் பூக்கடைப் பூங்கொத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. இலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு பளபளப்பு. பூ விற்பவர்கள் வாடாமலிருக்க அடிக்கும் பூச்சு அது, விரலில் ஒட்டுகிறது. காம்பில் ரப்பர் பாண்ட் இறுக்கின கோடு இருக்கிறது. முள் இருந்த இடம் கத்தியால் சீவப்பட்டிருக்கிறது. வாங்குபவர்கள் கையைக் குத்தக் கூடாதே. தலைமை நர்ஸின் முள்ளைச் சீவுகிறவன் இன்னும் பிறக்கவில்லை.

இதெல்லாம்கூட விடு. அந்த இலையில் ஒரு ஓட்டை இல்லை. பதினொரு வருஷமாக அந்தச் செடியை நான் பார்க்கிறேன். ஏதாவது ஒரு புழு, ஏதாவது ஒரு வண்டு, அதன் பங்கைத் தின்றுவிட்டுத்தான் எனக்கு மிச்சம் வைக்கும். ஓட்டையில்லாத இலை ஒன்றை அதில் நான் கண்டதே இல்லை.

நான் தப்பாக எழுதிக் கொடுத்த விஷத்தில் செடி சாகவில்லை என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாவதற்கு அங்கே எதுவும் இல்லை. பதினைந்து நாள் அதை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன். ஆறு வயதில் எனக்குப் பிடித்த பொம்மையை உடைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீயே வந்து சொன்னாய். "நான்தான்க்கா" என்றாய். அன்று நான் உன்னை அடிக்கவில்லை.

என் மாடியில் என்ன இருக்கிறது? எழுது.

அக்கா


ஜூலை 26

அக்கா,

இந்தக் கடிதத்தில் பொருள் இல்லை, பார்வை இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

மாடியில் தகரக் கூரை இருக்கிறது. அதற்குக் கீழே எட்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. வீட்டை டியூஷன் மாஸ்டர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். மே மாதம் இரண்டாம் வாரத்திலிருந்து. கீழே அவர் குடும்பம், மேலே வகுப்பு. ஒப்பந்தம் பதினொரு மாதம். கரண்ட் ஆபீஸ் வேலைக்கென்று நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெள்ளைத் தாளில் அதை எழுதினேன். வாடகை உன் பாஸ்புத்தகத்தில்தான் விழுகிறது. நீ அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

"எங்களுக்கு" என்று எழுதிவிட்டேன். அடிக்கப் போனேன், விட்டுவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டியதுதான்.

ஏப்ரல் கடைசியில் உன் மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா அங்க தனியா இருந்தா எனக்கு இங்க தூக்கம் வரல. போன வருஷம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு வீடு முழுக்க காஸ். பக்கத்து வீட்டுக்காரங்க கதவ இடிச்சது கூட அம்மாவுக்குக் கேக்கல. நேரா சொன்னா ஒத்துக்கவே மாட்டாங்க. வீட்டை யாருக்காவது குடுத்துடுங்க. செடி நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிக்கிட்டே இருங்க. நல்லா இருக்குன்னா வரமாட்டாங்க. வாடுதுன்னா அடுத்த ரயில்ல ஏறிடுவாங்க. இங்க பழகிட்டாங்கன்னா அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள். அந்த அடுப்பு விஷயம் பொய் இல்லையே, அக்கா. நான் யோசித்தேன். சரி என்று பட்டது. இப்போதும் பாதி சரி என்றுதான் படுகிறது.

நான் முதல் கார்டு எழுதியபோதே மாடியில் செடி இல்லை. வெள்ளைப் பொடியும் இல்லை. எல்லாம் நலம் என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று ஒரு சின்ன நோயை நானே சேர்த்தேன். ஆய்வுக்குப் போகும் ஃபைலில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஒரு குறையும் இல்லாத ஃபைலைப் பார்த்தால் மேலதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் கண்ணில் படுகிற இடத்தில் சின்னதாக ஒன்றை விட்டுவைப்போம். அதைக் கண்டுபிடித்த திருப்தியில் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நீ என்னடாவென்றால் அந்தக் குறைக்கு வைத்தியம் எழுதத் தொடங்கிவிட்டாய். இல்லாத நோய்க்கு நீ மருந்து எழுத, இல்லாத செடிக்கு நான் தெளித்துக்கொண்டே இருந்தேன். பூனையைக் கற்பனை செய்த அன்று எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சோடாத் தண்ணீர் அறிக்கையைத் தபாலில் போட்ட அன்று மனது சரியில்லை. ஒரு தரமாவது எங்கேயாவது தெளித்துவிட்டால் அது முழுப் பொய் ஆகாது என்று தோன்றியது. அறிக்கை முதலில், வேலை பிறகு என்பது எங்கள் ஆபீஸில் புதிது இல்லை. நாலு நாள் கழித்து, நீ எழுதியபடியே பத்து டீஸ்பூன் வழித்துப் போட்டு, ஆபீஸ் வாசலில் இருக்கும் குரோட்டன் செடிக்குத் தெளித்தேன். இரண்டாம் நாள் ஓரம் பழுப்பானது. நெருப்புப் பட்ட காகிதம் மாதிரி என்று நீ எழுதியிருந்தாயே, அப்படியே. உன் அவசரக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான், பாதிப்பில்லை என்று உனக்கு எழுதினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தொட்டிகளைக் கூரை போட வந்த ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோஜாத் தொட்டியை மட்டும் நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெட்டினவன் கையில் அது நன்றாகக் குத்தியது.

என்னைத் திட்டி ஒரு வரி எழுது, அக்கா. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பதினைந்து நாள் வெளியூர் கிளை ஆபீஸில் ஆய்வு. அந்த முகவரியைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

பொருள்: குடியேற்றம் – தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: உனது 26.7 தேதியிட்ட கடிதம், பொருளில்லாதது.

தம்பி,

இதை உன் வீட்டிலிருந்து, உன் மேஜையிலிருந்து, உன் பேனாவால் எழுதுகிறேன். உன் அறையை எடுத்துக்கொண்டேன். ஃபைல்கள் அனைத்தும் கட்டிலுக்கு அடியில் நலமாக உள்ளன.

உன் கடிதத்தை உன் மருமகளின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். பிறகு சாப்பிடவில்லை. நிறையப் பேசினாள். உதடு வேகவேகமாக அசைந்தது. அழுதாள் என்றும் நினைக்கிறேன். நான் காது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்திருந்தேன். அவள் சொல்வது நியாயமாக இருந்துவிடுமோ என்று எனக்குப் பயம். குழந்தையின் தலையை ஒரு தரம் முகர்ந்துவிட்டுப் பையை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். ரயிலடிவரை வந்து, பெட்டியை ஏற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த வீட்டில் எனக்கு நன்றாகக் கேட்டது அது ஒன்றுதான்.

காசுக்காகச் செய்திருந்தீர்கள் என்றால் வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். என் நன்மைக்காகச் செய்திருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அந்தத் தச்சருக்கும் இதே நன்மைக்காகத்தான் எட்டு மாதம் நான் சிவப்புத் தண்ணீர் ஊற்றினேன். அவர் ஏன் திரும்பி வரவில்லை என்று இப்போது தெரிகிறது.

அடுப்பு விஷயம் உண்மை. அதை என் முகத்தைப் பார்த்து, இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதி, என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் யோசித்திருப்பேன். அந்த மூன்றாம் நாளை எனக்கு நீங்கள் இரண்டு பேரும் கொடுக்கவில்லை.

நேராக என் வீட்டுக்குத்தான் போனேன். டியூஷன் மாஸ்டர் கதவைத் திறந்தார். மிஷினை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரைப் பாக்கணும்?"

"வீட்டுக்காரியை."

"அவங்க மக வீட்டோட போயிட்டாங்களே. இனிமே வரமாட்டாங்கன்னு சார் சொன்னாரு."

"வந்துட்டாங்க. மாடிக்குப் போகணும்."

மனிதர் கதவை அகலத் திறந்தார். பிறகு ஒதுங்கி நின்று, "பாத்து ஏறுங்கம்மா, நாலாவது படி ஒடைஞ்சிருக்கு" என்றார். என் படியை எனக்கே சொன்னார். அது உடைந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த வருஷம் எனக்கு யாராவது உள்ளதைச் சொன்னார்கள் என்றால் அவர்தான் முதல் ஆள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தம் ஏப்ரல் வரை இருக்கிறது, இருக்கட்டும். அதுவரை நான் உன் வீட்டில் இருப்பேன். உன் வீட்டுக்காரிக்கு இதில் எதுவும் தெரியாதாம். "வாங்க அண்ணி, அந்த மனுஷன் வரட்டும்" என்றாள். எதற்கு வரட்டும் என்று அவள் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் ஆய்வை இன்னும் ஒரு வாரம் நீட்டச் சொல்லி நீயே கேட்பது நல்லது.

நீ திரும்பியதும் வீட்டுக்குள் ஒரு நடைமுறை. உன்னோடு பேசும்போது நான் மிஷின் மாட்டப்போவதில்லை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளு. "தெளிக்கப்பட்டது", "விரட்டப்பட்டது" எல்லாம் வேண்டாம். யார் செய்தார்களோ அந்த ஆளைப் போட்டு எழுது. பிறகு, உன் மருமகளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நீயே அறிக்கை அனுப்பிவிடு. அம்மா நலம், திருப்தி, அவசரப்பட்டு வர வேண்டிய சூழ்நிலை எழவில்லை என்று. வழக்கம்போல் நம்புவதற்கு ஒரு சின்ன நோயைச் சேர்த்துக்கொள். முட்டிவலி போதும்.

இனி மாடி. தகரக் கூரைக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீ சொன்ன இடத்தில் தலைமை நர்ஸ் இருந்தாள். முழங்கால் உயரக் கட்டை. பிள்ளைகள் வகுப்பு முடிந்து போகும்போது குடித்து மீந்த தண்ணீரை அந்தத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவார்களாம். "கொட்டாதீங்கன்னு தினமும் திட்டுவேன்" என்று மாஸ்டர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். இனிமேல் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கட்டையின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு துளிர். அதில் ஐந்து இலை. ஐந்திலும் மாவைத் தூவின மாதிரி வெள்ளைப் பொடி.

மே மாதத்தில் நீ சும்மா எழுதிய நோய் ஆகஸ்டில் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் வழக்கப்படி அறிக்கை முதலில், வேலை பிறகு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், பால் ஒன்றுக்குத் தண்ணீர் ஒன்பது கலந்து எடுத்துக்கொண்டு போனேன். வெயில் வந்திருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் தெளிக்க மனம் வரவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொடியையே பார்த்தேன். இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் படியும். செத்த இலையில் அதற்கு வேலை இல்லை.

பிறகு தெளித்தேன். நான்தான் தெளித்தேன். ரொம்ப மோசமான இலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்தேன். அதைக் குப்பையில் போடவில்லை.

இணைப்பு: இலை ஒன்று. ஓட்டைகள் மூன்று.

அக்கா